வானொலி நகைச்சுவை எழுத்துப்படிகளும் மறு அரங்கேற்றமும்: அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒலிப்பதிவு அழிந்து எழுத்துப்படி மட்டும் எஞ்சிய வானொலி நகைச்சுவைகளை மீண்டும் நிகழ்த்தும் முயற்சிகள் இங்கிலாந்தில் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகின்றன. தமிழில் அத்தகைய எழுத்துப்படிகளை எங்கே தேடுவது, கிடைப்பவற்றை எவ்வாறு வாசிப்பது, மேடையில் எவ்வாறு நிகழ்த்துவது என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ அச்சாகவும் குரலாகவும் எஞ்சியிருப்பது. குரல் அழிந்துபோன பிற எழுத்துப்படிகளை வாசிப்பதற்கு அதனை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வானொலி நாடகம், நகைச்சுவை, எழுத்துப்படி, திருச்சி வானொலி, தென்கச்சி கோ. சுவாமிநாதன், மறு அரங்கேற்றம்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் மேடையையே மையமாகக் கொண்டனர். பம்மல் சம்பந்த முதலியார், சங்கரதாஸ் சுவாமிகள், பாய்ஸ் கம்பெனிகள், சபா நாடகங்கள் என்று நீளும் அவ்வரலாற்றில் வானொலி நாடகம் ஓர் இணைப்பாகவே இடம்பெறுகிறது. வானொலி நகைச்சுவைக்கு அவ்விணைப்பிலும் இடம் அரிது. சென்னை வானொலியில் சுகி சுப்பிரமணியம் எழுதிய ‘காப்புக் கட்டிச் சத்திரம்’ ஒரு தலைமுறையின் நினைவில் நின்ற தொடர். இன்று அதன் பெயரை அறிந்தோர் உண்டு; அதன் நடை எத்தகையது என்று சொல்லக்கூடியோர் குறைந்துவருகின்றனர். இலங்கை வானொலியில் இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’, சானா என்றறியப்பட்ட சண்முகநாதன் தயாரித்து நடித்த ‘லண்டன் கந்தையா’ ஆகியவற்றின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

இத்தகைய எழுத்துப்படி ஒன்று கிடைத்தால் அதனை என்ன செய்வது? அச்சிடலாம். அச்சிட்டால் இலக்கியமாகிவிடும், நிகழ்த்தினால் நாடகமாகிவிடும். முதலில் அது இவை இரண்டுமாக இருக்கவில்லை என்பதே சிக்கலின் தொடக்கம்.

எழுத்துப்படி எவ்வாறு தப்புகிறது

இத்துறையில் மிகுதியும் சுட்டப்படும் சான்று அமெரிக்காவைச் சேர்ந்தது. மார்க்ஸ் சகோதரர்களில் கிரவுச்சோ, சிக்கோ ஆகிய இருவரும் நடித்த ‘பிளைவீல், ஷைஸ்டர் அண்டு பிளைவீல்’ என்னும் தொடர் 1932 நவம்பர் 28 முதல் 1933 மே 22 வரை என்.பி.சி. வானொலியில் 26 வாரங்கள் ஒலிபரப்பானது. போலி வழக்கறிஞர் ஒருவரையும் அவருடைய உதவியாளரையும் பற்றிய கதை. முதலில் வழக்கறிஞரின் பெயர் பீகிள் என்றிருந்தது. அப்பெயருடைய உண்மை வழக்கறிஞர் ஒருவர் வழக்குத் தொடுப்பதாக எச்சரித்ததால் பிளைவீல் என மாற்றப்பட்டது. (சகோதரர்களுள் பேசாத பாத்திரத்தையே ஏற்றுவந்த ஹார்ப்போவுக்கு இத்தொடரில் இடமில்லாமற்போனதில் வியப்பில்லை.) நேரடியாக ஒலிபரப்பான இத்தொடரின் பதிவுகளில் மிகச் சிலவே பின்னர் கிடைத்தன. ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 26 அத்தியாயங்களுள் 25-இன் எழுத்துப்படிகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1988-இல் நூலாயின. 1990 முதல் பி.பி.சி. வானொலி அவற்றைத் தழுவி, பார்வையாளர் முன்னிலையில் வேறு நடிகர்களைக் கொண்டு நிகழ்த்திப் பதிவுசெய்தது.

இந்நிகழ்வில் ஆய்வாளர் கருதத்தக்கது கண்டெடுப்பின் வியப்பன்று. அப்படிகள் அங்கே இருந்ததன் காரணமே. அவற்றை ஒலிபரப்பு நிறுவனம் காக்கவில்லை. பதிப்புரிமை பெறும்பொருட்டு அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டதால் அவை தப்பின. சட்டத்தின் ஒரு நடைமுறைத் தேவையே காப்பகமாகிவிட்டது.

இந்தியாவில் அத்தகைய தற்செயல் நிகழ வாய்ப்புக் குறைவு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை. நூல்களைப் பொது நூலகங்களுக்கு வழங்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட நூல்களுக்கே உரியது. 1956-இல் செய்தித்தாள்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. ஆகவே சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கு நூல் வந்துசேரும். தட்டச்சிட்ட வானொலி எழுத்துப்படி வந்துசேராது. மேடை நாடகத்தின் நிலை வேறு. 1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துச் சட்டம், நிகழவிருக்கும் நாடகத்தைப் பற்றிய விவரங்களை முன்கூட்டியே கேட்டுப்பெறும் அதிகாரத்தை அரசுக்கு அளித்திருந்தது. காலனிய அரசு மேடைக்கு அஞ்சியது. அந்த அச்சமே ஆவணங்களை உண்டாக்கியது. வானொலியோ அரசின் உடைமையாயிருந்தது. தன் சொந்தக் குரலைக் கண்காணித்து வைக்க வேண்டிய தேவை அரசுக்கு இருக்கவில்லை.

வானொலி எழுத்துப்படி ஒரு பயன்பாட்டுத் தாளாகவே கருதப்பட்டது. நடிகர்களுக்குத் தட்டச்சுப் படிகள் வழங்கப்படும். ஒலிபரப்பு முடிந்ததும் அவற்றின் பணி முடிந்துவிடும். ஒலிநாடா வந்த பின்னரும், நாடாவின் விலை கருதி முந்தைய பதிவை அழித்து மறுபடி பயன்படுத்துவது உலகெங்கும் வழக்கமாயிருந்தது. பி.பி.சி.யில் 1954-இல் தொடங்கிய ‘ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்’ போன்ற பெரும்புகழ் பெற்ற நகைச்சுவைத் தொடரிலேயே பல அத்தியாயங்களின் ஒலிப்பதிவு இல்லை. அவற்றை எழுத்துப்படியிலிருந்து மீண்டும் நிகழ்த்தும் பணி 2014-இல்தான் தொடங்கியது. அங்கே ஒரு நல்வாய்ப்பு இருந்தது: அத்தொடரின் பிற அத்தியாயங்கள் ஒலிவடிவில் எஞ்சியிருந்தன, எழுதிய கால்ட்டன், சிம்ப்சன் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். இழந்த குரல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று ஒப்பிட்டறிய ஒரு வழி இருந்தது. தமிழில் அவ்வழியைத் தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

திருச்சி நிலையமும் கேட்போர் கூட்டமும்

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007-இல் இரண்டாம் முறையாக உருவானது. ஆகவே இப்பகுதியின் வானொலி வரலாறு பெரும்பாலும் திருச்சி நிலையத்தின் வரலாறே. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இலும் திருச்சி நிலையம் 1939 மே 16-இலும் தொடங்கின. நிகழ்ச்சி விவரங்களைத் தாங்கி வெளிவந்த ‘வானொலி’ இதழின் பழைய பிரதிகள், ஒரு நாடகத்தின் தலைப்பு, ஆசிரியர், ஒலிபரப்பான நேரம் ஆகியவற்றை உறுதிசெய்ய உதவும் முதன்மைச் சான்று. தேதியில்லாத எழுத்துப்படி கையில் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது அவ்விதழ்களோடு ஒப்பிடுவதே.

ஆயினும் ‘நகைச்சுவை நாடகம்’ என்னும் தலைப்பில் மட்டும் தேடுவது போதாது. தமிழக வானொலியில் நகைச்சுவை பெரும்பாலும் தனித்து நிற்கவில்லை. வேளாண் செய்திக்கும் குடும்ப நலச் செய்திக்கும் சிறுசேமிப்புக்கும் அது துணைவந்தது. ஒரு செய்தியை ஊராரிடம் கொண்டுசேர்க்க ஒன்றும் அறியாதவர் ஒருவரும் எல்லாம் அறிந்தவர் ஒருவரும் உரையாடும் வடிவம் எளிது; அறியாதவர் கேட்கும் கேள்வியில்தான் சிரிப்பு பிறக்கும். தெருக்கூத்துக் கட்டியங்காரனின் வேலையும் ஏறத்தாழ இதுவே. அரசன் கூறும் விழுமிய சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதுபோல் பாவனை செய்து அவன் அவையோருக்கு விளக்கிவிடுகிறான். எனவே நாடகப் பிரிவின் கோப்புகளோடு நின்றுவிடும் ஆய்வாளர், பண்ணை ஒலிபரப்பின் கோப்புகளில் இருக்கும் நகைச்சுவையைத் தவறவிடக்கூடும்.

இப்பண்ணை ஒலிபரப்பு எந்த அளவுக்குச் செவிமடுக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் நெல் வகைக்கு உழவர் இட்ட பெயர் ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலி வழியாகவே அதனை அறிந்ததால் வந்த பெயர் அது. கொள்ளிடத்தின் தென்கரையில் தஞ்சை. வடகரையில் இன்றைய அரியலூர் மாவட்டத்தின் நெல் வயல்கள். அலைவரிசைக்கு ஆறு எல்லையன்று.

இங்கே இன்னொன்றையும் நோக்க வேண்டும். இங்கிலாந்து வானொலியின் நகைச்சுவைத் தொடர்கள் பல, பார்வையாளர் அமர்ந்த அரங்கில் பதிவாயின. அவர்தம் சிரிப்பொலி நிகழ்ச்சியின் ஒரு பகுதி. தமிழ் வானொலி நகைச்சுவை பொதுவாக அமைதியான ஒலிக்கூடத்தில் பதிவானது. சிரிப்பு அங்கே இல்லை; அது கேட்கும் இடத்தில் இருந்தது. சிற்றூர்களில் வானொலிப்பெட்டி வீட்டுப் பொருளாவதற்கு முன் பஞ்சாயத்து வானொலியின் முன் மக்கள் கூடினர். பிறகு தேநீர்க்கடை அவ்விடத்தைப் பெற்றது. ஆகவே ஒலிக்கூடத்தில் நடிகர் விட்ட இடைவெளி, தாம் காணாத ஒரு கூட்டம் சிரித்து முடிப்பதற்கென அனுமானித்து விட்ட இடைவெளி. எழுத்துப்படியில் இதற்குக் குறியீடு எதுவுமில்லை.

தென்கச்சியார்: எழுத்தும் குரலும்

உடையார்பாளையம் வட்டத்திலுள்ள தென்கச்சிப்பெருமாள்நத்தம் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ஊர். ஊர்ப்பெயரின் முற்பகுதியைத் தம் பெயருக்கு முன் சேர்த்துக்கொண்டார். வேளாண்மைப் பட்டம் பெற்று ஊரில் பயிர்த்தொழில் செய்த பின்னரே வானொலிக்குச் சென்றார். 1977-இல் திருநெல்வேலி நிலையத்தில் சேர்ந்து பண்ணை ஒலிபரப்பில் பணியாற்றினார்; பின்னர் சென்னை நிலையத்திற்கு மாறினார். 1980களின் பிற்பகுதியில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் காலையில் ஒலித்த ‘இன்று ஒரு தகவல்’ அவரைத் தமிழகம் முழுதும் அறிமுகப்படுத்தியது. 2009 செப்டம்பர் 16-இல் மறைந்தார்.

அவரை மறக்கப்பட்டவர் என்று சொல்ல இயலாது. அவருடைய உரைகள் பல தொகுதிகளாக அச்சில் உள்ளன, ஒலிப்பதிவுகளும் எஞ்சியுள்ளன. ஆய்வுக்கு அவர் பயன்படுவதும் அதனால்தான். ‘இன்று ஒரு தகவல்’ நாடகமன்று. ஒருவர் பேசும் சில நிமிட உரை. உடல்நலமோ வரலாறோ வாழ்க்கைமுறையோ பற்றிய ஒரு செய்தி முதலில் வரும். இறுதியில் ஒரு சிறு கதை. அக்கதையின் முடிவு செய்தியைச் சற்றே கவிழ்த்துவிடும். செய்தியும் சிரிப்பும் இணைந்த இவ்வமைப்பு பண்ணை ஒலிபரப்பின் தேவையிலிருந்து வளர்ந்ததாகக் கொள்வது பொருந்தும். உரம் இடும் அளவைச் சொல்லிவிட்டு, கேட்பவர் எழுந்துபோகாமல் இருக்க ஒரு சிரிப்பை இறுதிவரை ஒதுக்கிவைக்கும் உத்தி அது.

இவ்வமைப்பின் வேர் இன்னும் பழையது எனலாம். உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்ததை ‘என் சரித்திரம்’ விரிவாகச் சொல்கிறது. அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் இவ்வட்டார ஊர்களில் இராமாயணத்தைப் பாட்டும் பொருளுமாகச் சொல்லிவந்தவர். ஒற்றைக் குரல் ஒரு கூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும் அக்கலையில் கிளைக்கதைக்குத் தனி இடமுண்டு. தென்கச்சியார் நேரே அம்மரபிலிருந்து வந்தார் என்று கூறுவதற்கில்லை; அவருக்குச் செவிகொடுத்த கூட்டம் அம்மரபில் பழகிய கூட்டம் என்று கூறலாம்.

அச்சுத் தொகுதியையும் ஒலிப்பதிவையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு முதலில் தெரிவது, அச்சில் கதை விரைவாக முடிந்துவிடுகிறது என்பதே. கண் முடிவை முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. பத்தியின் கடைசி வரி கடைசி வரியாகவே தோன்றுகிறது. குரலில் அவ்வாறில்லை. தென்கச்சியார் சிரிப்பதில்லை. வியப்புக்கோ அழுத்தத்திற்கோ குரலை உயர்த்துவதுமில்லை. உரப்பரிந்துரையைச் சொல்லும் அதே சமதளத்தில் நகைச்சுவையின் முடிவும் வந்து விழுகிறது. அது முடிவு என்பது கேட்பவருக்கு ஒரு கணம் தாழ்த்தியே எட்டுகிறது. சிரிப்பு அந்தத் தாமதத்தில் இருக்கிறது. அச்சில் பதிப்பாசிரியர் ஒரு வியப்புக்குறியை இட்டுவிட்டால் அத்தாமதம் அழிந்துபோகும். சிறிய குறிதான், ஆனால் அது நடிகருக்கு ‘இங்கே உயர்த்து’ என்று ஆணையிடும் குறி.

பேச்சுநடையிலும் இழப்பு உண்டு. அச்சுக்கு ஏற்பச் சொல்வடிவம் திருத்தமுறும்போது, கொள்ளிடக்கரை உழவர் பேச்சுக்கும் படித்த வானொலித் தமிழுக்கும் இடையே அவர் போய்வந்த பாதை மறைகிறது. செய்தியை ஒரு தமிழிலும் கதையை மற்றொரு தமிழிலும் சொல்வது அவர் உத்தி. இரண்டையும் ஒரே நடையில் அச்சிடும்போது கதை மற்றொரு செய்தியாகிவிடுகிறது. இன்று கல்லூரி விழாக்களிலும் பட்டிமன்றங்களிலும் அக்கதைகள் துணுக்குகளாக எடுத்தாளப்படுவதற்கும் அவை சிலவேளை எடுபடாமற்போவதற்கும் காரணம் அச்சுப்படியை மூலமாகக் கொண்டதே.

இந்த ஒப்பீடு தரும் பாடத்தைக் குரல் எஞ்சாத எழுத்துப்படிகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். எழுத்துப்படியில் சிரிப்பு எங்கே வருகிறது என்று தேடுவதைவிட, செய்தித்தமிழ் எங்கே பேச்சுத்தமிழாக மாறுகிறது என்று குறித்துக்கொள்வது பயன்தரும். பாத்திரங்களின் பேச்சு முழுதும் ஒரே எழுத்து வழக்கில் இருந்தால், அது தட்டச்சரின் வழக்கமா ஆசிரியரின் விருப்பமா என்று ஐயுற வேண்டும். இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்னும் நால்வரும் நால்வகைத் தமிழ் பேசுவோர்; முஸ்லிம் வழக்கும் யாழ்ப்பாண வழக்கும் சிங்களச் சாயல் கொண்ட தமிழும் பிராமண வழக்கும் மோதிக்கொள்வதே அதன் நகைச்சுவை. 1976-இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாக அது மாறியபோதும் வானொலியில் நடித்தவர்களே திரையிலும் தோன்றினர். பாத்திரம் கதையில் இல்லை, குரலில் இருக்கிறது என்பதைத் தயாரித்தோர் அறிந்திருந்தனர். அந்நால்வரின் குரலை ஒருபோதும் கேட்டிராத பெரம்பலூர்க் கல்லூரி மாணவர் நால்வரிடம் அவ்வெழுத்துப்படியைத் தந்தால் என்ன நிகழும் என்பது கற்பனைக்கு எட்டாததன்று. நால்வரும் திரைப்பட நகைச்சுவை நடிகர்களின் குரலிலேயே பேசுவர்.

மேடை

மறு அரங்கேற்றத்திற்கு இரு வழிகள் கண்முன் உள்ளன. ஒன்று, வானொலி எழுத்துப்படியை முழு மேடை நாடகமாக மாற்றுவது: காட்சியமைப்பு, உடை, அசைவு, எல்லாம். மற்றொன்று, ஒலிக்கூடத்தையே மேடையில் நிறுவுவது. இங்கிலாந்தில் 2003-இல் அரங்கேறிய ‘ரவுண்ட் தி ஹார்ன் ரீவிசிட்டட்’ இரண்டாம் வழியைத் தேர்ந்தது. 1960களின் வானொலித் தொடரொன்றின் எழுத்துப்படிகளை, நடிகர்கள் கையில் தாளுடன் ஒலிவாங்கியின் முன் நின்று நிகழ்த்தினர். கூடியிருந்தோர் ஒரு பதிவைக் காணவந்தவராயினர். சிற்றரங்கில் தொடங்கிய அது அடுத்த ஆண்டே லண்டனின் பெரிய அரங்கிற்குச் சென்றது.

வரலாற்று நோக்கில் இரண்டாம் வழியே நேர்மையானது என்பதில் ஐயமில்லை. கையிலுள்ள தாள், இது படிக்கப்படும் எழுத்து என்பதை மறைப்பதில்லை. கதவு திறக்கும் ஒலியையும் மாட்டுவண்டி ஓசையையும் எழுப்புபவர் மேடையில் தெரிவது ஒரு கூடுதல் சுவை. செலவும் குறைவு, ஊர்ப்புறக் கல்லூரிக்கு அது சிறு செய்தியன்று. ஆயினும் அரியலூர்ப் பகுதியில் அதே வடிவம் அதே பொருளைத் தருமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். லண்டன் பார்வையாளருக்கு ஒலிக்கூடம் பழகிய காட்சி. நுழைவுச்சீட்டு பெற்று வானொலிப் பதிவுக்குச் சென்ற தலைமுறை அங்கே உண்டு. இங்குள்ளோர் ஒலிக்கூடத்தைக் கண்டவரல்லர். அவர்கள் கண்டது பஞ்சாயத்து வானொலியையும் தேநீர்க்கடைப் பெட்டியையும்தான். ஆகவே மேடையில் நிறுவ வேண்டியது ஒலிக்கூடமன்று, கேட்கும் இடம் என்று வாதிடலாம். நடிகர்கள் மறைவில் நின்று பேச, மேடையில் ஒரு பெட்டியும் அதனைச் சூழ்ந்த சிலரும் இருப்பதாகக் கொண்டால், எழுத்துப்படியில் குறிக்கப்படாத அந்த இடைவெளிகளுக்கு உரிமையாளர் மீண்டும் கிடைத்துவிடுவர். அரங்கிலிருப்போர் சிரிப்பது மேடையிலிருப்போர் சிரிப்போடு கலக்கும். இது சோதித்தறிய வேண்டிய முன்மொழிவே.

எவ்வழியைத் தேர்ந்தாலும் இரண்டு சிக்கல்கள் எஞ்சுகின்றன. முதலாவது உரிமை. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை எழுத்துரிமை அவர் மரபினருக்கு உண்டு. ஆனால் நிலையத்தில் பணிபுரிந்த அலுவலர் தம் பணியின் பகுதியாக எழுதியது எனில், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அரசே முதல் உரிமையாளராகிறது. அப்போது கணக்கு ஒலிபரப்பான ஆண்டிலிருந்து தொடங்கலாம். வானொலியில் நகைச்சுவை எழுதியோருள் பலர் நிலைய அலுவலரே. எனவே யாரிடம் இசைவு பெறுவது என்பது ஒவ்வோர் எழுத்துப்படிக்கும் தனியே ஆராயப்பட வேண்டியது. வீட்டார் பரிவுடன் தாளைத் தந்துவிட்டால் மேடையேற்றும் உரிமையும் தந்துவிட்டதாகக் கொள்வது பெரும்பிழை.

இரண்டாவது சிக்கல் கடினமானது. அக்கால நகைச்சுவை மனைவியையும் மாமியாரையும், திக்கிப் பேசுபவரையும் செவிப்புலன் குறைந்தவரையும், சாதிக்குரிய பேச்சு வழக்கையும் இலக்காக்கியது. இன்று அவற்றை அப்படியே நிகழ்த்தினால் அவையில் ஒருவர் புண்படுவார். வெட்டிவிட்டால் ஆய்வு பொய்யாகும். பி.பி.சி.யின் பிளைவீல் தழுவலில் அத்தியாயங்கள் சுருக்கப்பட்டன, இணைக்கப்பட்டன. ஆனால் மூல எழுத்துப்படிகள் ஏற்கெனவே நூலாக வெளிவந்துவிட்டதால் எது மாறியது என்று எவரும் ஒப்பிட்டறிய முடிந்தது. தமிழில் இவ்வரிசை தலைகீழாக அமையும் அபாயம் உள்ளது. மேடைக்கெனத் திருத்திய படியே அச்சேறி, மூலத்தாள் மீண்டும் ஒரு வீட்டின் பரணுக்குச் சென்றுவிடும். ஆகவே திருத்தாத படியை முதலில் பதிப்பிப்பதும், நிகழ்த்தும் படியில் விடுபட்டவற்றை நிகழ்ச்சிக் குறிப்பில் சொல்லிவிடுவதும் முறையாகும். ஒரு நகைச்சுவை ஏன் விடப்பட்டது என்று அவையோர் அறிவது, அதைக் கேட்பதைவிடச் சிலவேளை கூடுதலாக வரலாற்றைச் சொல்லும்.

காலமும் இதற்கு இடந்தரவில்லை. பஞ்சாயத்து வானொலியின் முன் அமர்ந்திருந்தோர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். எழுத்துப்படி இனியும் ஐம்பது ஆண்டுகள் ஒரு பெட்டியில் கிடக்கலாம். அதன் எந்த வரியில் ஊர் சிரித்தது என்று சொல்லக்கூடியவர் அவ்வளவு காலம் இருக்கப்போவதில்லை. பெரம்பலூரின் மானாவாரி ஊர்களிலும் கொள்ளிடக்கரை ஊர்களிலும் முதியோரிடம் எடுக்கப்பட வேண்டிய நேர்காணல்கள், எழுத்துப்படி கிடைத்த பின் செய்யவேண்டிய பணியன்று. நினைவிலுள்ள தொடர்ப்பெயர், பாத்திரப்பெயர், ஒலித்த நேரம் ஆகியவற்றை அவர்களிடமிருந்து முதலில் பெற்று, அவற்றை ‘வானொலி’ இதழோடு ஒப்பிட்டு, அதன்பின் எழுத்தாளர் வீடுகளின் வாயிலைத் தட்டுவதே பயன்தரும் வரிசை.